அகன்ற சட்டமும் அண்மைப் புலமும்: அகல்கோண நிலக்காட்சி ஒளிப்பட அமைப்பின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

அகல்கோண வில்லையின் வரவால் நிலக்காட்சி ஒளிப்படத்தில் மிகுதியான பரப்பு ஒரே சட்டத்துள் அடங்கியது என்பது பொதுவான கருத்து. சட்டம் அகலும்போது தொலைவிலுள்ள மலை சிறுத்துப்போவதும், கலைஞரின் காலடியில் கிடக்கும் கல்லும் மண்ணும் படத்தின் பெரும்பகுதியாவதும் அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. 1859 தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலான வில்லைகளின் வளர்ச்சியையும், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் யோசெமிட்டி, மன்சனார் ஆகிய இரு இடங்களில் எடுக்கப்பட்ட படங்களையும் சான்றாகக் கொண்டு, முன்புலத்தைத் தேர்ந்துகொள்ளும் செயல் அழகியல் முடிவாக இருந்ததோடு எதைக் காட்டுவது, எதை விடுவது என்னும் வரலாற்று முடிவாகவும் அமைந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: அகல்கோண வில்லை, நிலக்காட்சி, முன்புலம், யோசெமிட்டி, மன்சனார், மறு ஒளிப்பட ஆய்வு.

முன்னுரை

நிலக்காட்சி ஒளிப்படம் எடுக்கப் பழகுவோருக்கு முதலில் சொல்லப்படும் அறிவுரைகளுள் ஒன்று, அகல்கோண வில்லையைப் பயன்படுத்தும்போது முன்புலத்தில் ஏதேனும் ஒரு பொருளை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. பாறை, பூஞ்செடி, நீரோடை, மணல்மேட்டின் வரிகள் என அப்பொருள் எதுவாகவும் இருக்கலாம். இன்று எளிய விதியாக வழங்கும் இக்கூற்றுக்குப் பின்னே ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உள்ளது. வில்லை செய்வோரின் கணக்கும், கண்ணாடித் தகட்டின் வேதியியலும், ஒரு நாடு தன் நிலத்தை எவ்வாறு காண விரும்பியது என்பதும் அவ்வரலாற்றில் ஒன்றுகலந்துள்ளன.

இக்கட்டுரையில் ‘அகல்கோண அமைப்பு’ என்பது, மிக அண்மையிலுள்ள பொருளையும் மிகத் தொலைவிலுள்ள பொருளையும் ஒரே சட்டத்துள் எதிரெதிர் நிறுத்தும் காட்சி ஒழுங்கைக் குறிக்கும். இவ்வொழுங்கை எல்லாருக்கும் எளிதாக்கியது அகல்கோண வில்லை. ஆயினும் பெரிய தகட்டுக் கருவிகளைக் கையாண்ட முன்னோடிகளின் படங்களிலேயே இதன் தோற்றத்தைக் காணலாம். எனவே வில்லையின் வரலாறும் அமைப்பின் வரலாறும் இங்கு இணைத்து நோக்கப்படுகின்றன.

1. வில்லை அகன்ற வரலாறு

தொடக்ககால நிலக்காட்சி வில்லைகள் எளிமையானவை. அவற்றின் நடுப்பகுதியில் கூர்மை இருந்தது. ஓரங்களில் காட்சி மங்கியது, நேர்கோடுகள் வளைந்தன. அகன்ற காட்சியைப் பெற விழைந்தோர் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒட்டினர். ஒரே வில்லையால் அதனைச் செய்ய முயன்றவர்களுள் இங்கிலாந்தின் தாமஸ் சட்டன் குறிப்பிடத்தக்கவர். 1859இல் அவர் காப்புரிமை பெற்ற வில்லை, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளமாக அமைந்தது. ஏறத்தாழ 120 பாகை அகலத்தை அது அடக்கியது. ஆனால் அதற்கெனக் கண்ணாடித் தகடுகளை வளைவாகச் செய்ய வேண்டியிருந்ததால் அது பரவலான வழக்கிற்கு வரவில்லை.

நியூயார்க்கைச் சேர்ந்த சார்ல்ஸ் ஹாரிசனும் ஜோசஃப் ஷ்னிட்சரும் 1862இல் காப்புரிமை பெற்ற ‘குளோப்’ வில்லை அடுத்த படிநிலையாகும். அதன் முன்பக்க, பின்பக்க வளைவுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே கோளத்தின் பகுதிகளாக அமைந்திருக்கும். பெயருக்குக் காரணமும் அதுவே. வில்லையின் இரு பாதிகளும் ஒத்த வடிவில் அமைந்ததால் கோடுகளின் வளைவு பெரிதும் நீங்கியது. 1866இல் டால்மேயர் நிறுவனம் அகல்கோண நேர்கோட்டு வில்லையை வெளிக்கொணர்ந்தது. கட்டடக் கலையையும் குறுகலான தெருக்களையும் படமெடுப்போர்க்கு இத்தகைய வில்லைகள் பெரிதும் உதவின.

இவ்வளர்ச்சியின் எல்லையாக 1900இல் எமில் ஃபான் ஹோக் வடிவமைத்த கோயெர்ட்ஸ் நிறுவனத்தின் ‘ஹைப்பர்கன்’ வில்லையைக் கொள்ளலாம். ஏறத்தாழ அரைக்கோள வடிவிலான இரு மெல்லிய கண்ணாடிகளைக் கொண்டு அது 135 பாகைக்கும் மேற்பட்ட காட்சியைத் தந்தது. இத்தகைய அகலத்தில் ஓரங்களுக்குச் செல்லும் ஒளி மிகவும் குறைந்துவிடும். ஒளியின் அளவு கோணத்தின் கொசைன் மதிப்பின் நான்காம் அடுக்கிற்கு ஏற்பக் குறைவதால், நடுவிலிருந்து 45 பாகையில் நான்கில் ஒரு பங்கே எஞ்சும், 67.5 பாகையில் எஞ்சுவது ஏறக்குறைய 2 விழுக்காடு மட்டுமே. இக்குறையை நீக்க, வில்லையின் முன்னே நட்சத்திர வடிவச் சிறு விசிறி ஒன்று பொருத்தப்பட்டது. ரப்பர்க் குமிழை அழுத்தி வரும் காற்றால் அது சுழன்று நடுப்பகுதியின் ஒளியை மறைக்கும். பிறகு அதனை விலக்கி எஞ்சிய நேரத்திற்கு ஒளி காட்டப்படும். அகலம் விலையின்றிக் கிடைப்பதில்லை என்பதற்கு இவ்விசிறி நல்ல எடுத்துக்காட்டு.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லுட்விக் பெர்டெலெ வடிவமைத்த ‘பயோகன்’ வகை வில்லைகள், ஓரம் வரை கூர்மையான 90 பாகைக் காட்சியைக் கையடக்கக் கருவிகளுக்கும் கொண்டுவந்தன. அதன்பின் அகல்கோணம் நிலக்காட்சிக் கலைஞரின் அன்றாடக் கருவியாயிற்று.

2. அகலத்தின் கணக்கு

அகல்கோண வில்லை தூரத்தோற்றத்தை மாற்றுகிறது என்பது பரவலான கருத்து. உண்மையில், பொருள்களின் ஒப்பளவை முடிவு செய்வது கலைஞர் நிற்கும் இடமேயாகும். ஒரு கணக்கால் இதனைத் தெளிவுபடுத்தலாம். நிற்குமிடத்திலிருந்து 2 மீட்டர் தொலைவில் 1 மீட்டர் உயரப் பாறையும், 15 கிலோமீட்டர் தொலைவில் 3,000 மீட்டர் உயர்ந்தெழும் மலையும் இருப்பதாகக் கொள்வோம். பாறையின் உயரத்திற்கும் தொலைவிற்கும் உள்ள விகிதம் இரண்டில் ஒன்று. மலைக்கு அது ஐந்தில் ஒன்று. எனவே படத்தில் பாறை மலையைப்போல் இரண்டரை மடங்கு உயரமாகத் தோன்றும். கலைஞர் பின்வாங்கிப் பாறையிலிருந்து 5 மீட்டர் தள்ளி நின்றால் இரண்டும் சமமாகும். 20 மீட்டர் தள்ளி நின்றால் பாறை மலையின் கால்பங்காகிவிடும். மலையின் அளவோ இம்மூன்று நிலைகளிலும் மாறுவதில்லை.

36 × 24 மில்லிமீட்டர் அளவுள்ள படச்சட்டத்தில் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். 50 மில்லிமீட்டர் குவியத் தொலைவுடைய வில்லையில், 2 மீட்டரில் உள்ள பாறை 25 மில்லிமீட்டர் உயரம் பெற்றுச் சட்டத்தையே மீறிவிடும், மலைக்கு இடமிராது. 24 மில்லிமீட்டர் வில்லையில் பாறை 12 மில்லிமீட்டராகச் சட்டத்தின் பாதி உயரத்தில் நிற்கும், மலை 4.8 மில்லிமீட்டராக அதன் பின்னே தோன்றும். ஆகவே இவ்வில்லையின் பணி, பொருளுக்கு மிக அருகே சென்ற பின்னும் தொலைவைக் கைவிடாமல் இருக்க இடமளிப்பது. அருகே செல்லாமல் நின்ற இடத்திலிருந்தே அதனைப் பயன்படுத்தினால் மலை சிறுத்து, வெறும் வானமும் வெறும் தரையும் எஞ்சும். முன்புலம் பற்றிய அறிவுரை இக்கணக்கிலிருந்தே பிறக்கிறது.

அண்மையும் தொலைவும் ஒருங்கே கூர்மையாக இருப்பது அடுத்த தேவை. 24 மில்லிமீட்டர் வில்லையில் ஒளித்துளையை எஃப் 11 எனக் குறுக்கி 1.75 மீட்டரில் குவித்தால், ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் முதல் முடிவிலி வரை ஏற்கத்தக்க கூர்மை கிட்டும். 50 மில்லிமீட்டர் வில்லையில் அதே துளைக்குக் கூர்மை ஏறத்தாழ 4 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். பெரிய தகட்டுக் கருவிகளில் குவியத் தொலைவு நீண்டிருப்பதால் இச்சிக்கல் கடுமையானது. வில்லையைத் தாங்கும் பலகையை முன்னோக்கிச் சாய்த்து, கூர்மைத் தளத்தைத் தரையோடு படிந்து செல்லும்படி அமைப்பதே அங்கு வழி. இவ்விதி 1904இல் காப்புரிமை பெற்ற தியோடர் ஷைம்ஃப்ளூக்கின் பெயரால் வழங்குகிறது. 1932இல் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோர் தொடங்கிய குழுவுக்கு மிகச் சிறிய ஒளித்துளை அளவான ‘எஃப் 64’ பெயராயிற்று. அண்மை முதல் சேய்மை வரை எல்லாம் கூர்மையாக இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

நேர்கோட்டு அகல்கோண வில்லையில் ஓரத்துப் பொருள்கள் நீள்வதும் கருதத்தக்கது. 24 மில்லிமீட்டர் வில்லையின் மூலையில் ஓர் உருண்டைக் கல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நீண்டு முட்டை வடிவம் கொள்ளும். எனவே முன்புலப் பொருளைச் சட்டத்தின் எப்பகுதியில் வைப்பது என்பதும் கலைஞரின் முடிவாகிறது.

3. யோசெமிட்டி: வெறுமையாகத் தோன்றிய புல்வெளி

கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இல் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றபோது 18 × 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளைக் கொள்ளும் கருவியைக் கொண்டு சென்றார். அக்காலத்தில் படத்தைப் பெருக்கி அச்சிடுவது நடைமுறையில் அரிது. அச்சின் அளவே தகட்டின் அளவு. தகட்டில் கொலோடியனைப் பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, அவ்விடத்திலேயே கூடாரத்தில் உருத்துலக்க வேண்டும். இத்துணை உழைப்பு கோரும் முறையில், எங்கே நிற்பது என்பது தகடு பூசுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

வேதியியலும் அமைப்பைத் தீர்மானித்தது. ஈரக் கொலோடியன் நீல ஒளிக்கே மிகுதியாக வினைபுரிந்ததால் வானம் வெளுத்துப்போயிற்று, முகில்கள் பதியவில்லை. வானத்தால் படத்தை நிரப்ப இயலாத நிலையில், நிலமே படத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. 1860களின் நடுவில் மாரிபோசா வழித்தடத்திலிருந்து வாட்கின்ஸ் எடுத்த பள்ளத்தாக்கின் பொதுக்காட்சிப் படத்தில் அண்மையில் ஒரு மரம் உயர்ந்து நிற்கிறது. அதற்கப்பால் பள்ளத்தாக்கு திறக்கிறது. பின்னாளில் அகல்கோண வில்லையின் இலக்கணமாகிய அண்மை–சேய்மை எதிர்நிலை இதில் முழுமையாக உருப்பெற்றுள்ளது.

இப்படங்கள் 1862இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1864 ஜூன் 30இல் குடியரசுத் தலைவர் லிங்கன் கையொப்பமிட்ட சட்டம் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பொதுமக்கள் பயன்பாட்டிற்கெனக் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்தது. பள்ளத்தாக்கை நேரில் கண்டிராத சட்டமன்றத்தினருக்கு வாட்கின்ஸின் படங்கள் சான்றாயின என்பது பெரும்பாலான ஒளிப்பட வரலாற்றாசிரியர்களின் கருத்து. அச்செல்வாக்கின் அளவு பற்றி விவாதம் இருக்கலாம். அந்நிலத்தைப் பற்றிய பொதுமனப் படிமத்தை அவை உருவாக்கின என்பதில் ஐயமில்லை.

அப்படிமத்தில் மனிதர் இல்லை. பள்ளத்தாக்கின் தொல்குடியினரான அவானீச்சி மக்களை வெளியேற்ற மாரிபோசா படைப்பிரிவு 1851இல் அங்கு நுழைந்தது. அதன்பின்னும் அம்மக்கள் அங்கு வாழ்ந்துவந்தனர். எட்வர்ட் மைபிரிட்ஜ் 1872இல் எடுத்த இரட்டைக் காட்சிப் படங்களில் அவர்கள் இடம்பெறுகின்றனர். வாட்கின்ஸும் பயணியர் விடுதிகளைப் படமெடுத்துள்ளார். ஆயினும் பெருந்தகட்டில் எடுத்து மிகுதியாகப் பரவிய காட்சிகளில் பாறையும் நீரும் மரமுமே எஞ்சின.

இங்கு முன்புலம் வேறொரு செய்தியையும் சொல்கிறது. பள்ளத்தாக்குத் தரையில் எடுத்த படங்களில் பரந்த புல்வெளியும் இடைவெளிவிட்டு நிற்கும் கருவாலி மரங்களும் தெரிகின்றன. அத்திறந்த வெளி இயற்கையாகத் தானே அமைந்ததன்று. கருவாலிக் கொட்டைக்காகவும் வேட்டைக்காகவும் தொல்குடியினர் ஆண்டுதோறும் இட்ட சிறுதீயே புதரும் ஊசியிலைக் கன்றுகளும் மண்டாமல் காத்தது. அவ்வழக்கம் தடைப்பட்டபின் புல்வெளிகள் சுருங்கி ஊசியிலை மரங்கள் அடர்ந்தன. பழைய காட்சிப் புள்ளிகள் பலவற்றிலிருந்து இன்று மலையைக் காண இயலாது. ஆளில்லாத நிலத்தின் அடையாளமாகப் போற்றப்பட்ட முன்புலம், அங்கு வாழ்ந்தோரின் உழைப்பால் விளைந்தது. மனிதரை விலக்கிய படத்திலும் அவர்தம் கைவேலை பதிந்தே இருந்தது. அதனைப் படிக்கும் அறிவு அன்றைய பார்வையாளருக்கு இல்லை.

4. மன்சனார்: கோபுரமும் பாறையும்

இரண்டாம் சான்று யோசெமிட்டிக்கு அப்பால், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தைச் சேர்ந்தது. 1942 பிப்ரவரி 19இல் குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் பிறப்பித்த 9066ஆம் ஆணையைத் தொடர்ந்து, ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்திலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் மன்சனார் முகாமில் ஒரு கட்டத்தில் 10,000 பேருக்கு மேல் இருந்தனர்.

முகாமின் இயக்குநர் ரால்ஃப் மெரிட்டின் அழைப்பின்பேரில் ஆன்சல் ஆடம்ஸ் 1943, 1944ஆம் ஆண்டுகளில் அங்குப் படமெடுத்தார். அவர் எடுத்த முகப்படங்களும் உழைக்கும் மக்களின் படங்களும் 1944இல் ‘பார்ன் ஃப்ரீ அண்ட் ஈக்குவல்’ என்னும் நூலாயின. போர்க்காலத்தில் அம்மக்களின் குடியுரிமையை வலியுறுத்தி அத்தகைய நூலை வெளியிட்டது துணிவான செயல். எனினும் காவற்கோபுரம், முள்வேலி, ஆயுதமேந்திய காவலர் ஆகியவற்றைப் படமெடுக்க அவருக்கு அனுமதியில்லை.

இத்தடையை ஒட்டி அவரது ஒரு படம் ஊன்றி நோக்கத்தக்கது. முகாமின் குடியிருப்புகள் வரிசை வரிசையாக நீள, பின்னே மலைத்தொடர் எழும் அகன்ற காட்சி அது. காவற்கோபுரத்திலிருந்து மேற்கு நோக்கி எடுத்தது என்று படத்தின் தலைப்பே கூறுகிறது. கோபுரம் படத்தில் இல்லை. படம் கோபுரத்திலிருந்து பிறக்கிறது. முன்பகுதியில் கண்ட கணக்கின்படி, உயரத்தில் நிற்கும்போது அண்மைப் பொருள் சட்டத்திலிருந்து விலகுகிறது. காவலரின் பார்வையே பார்வையாளரின் பார்வையாக, அப்பார்வைக்குரிய மேடை கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது.

‘மன்சனாரிலிருந்து வில்லியம்சன் மலை’ என்னும் ஆடம்ஸின் புகழ்பெற்ற படம் இதற்கு மறுதலை. 4,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அம்மலை சட்டத்தின் மேற்பகுதியில் ஒளிக்கதிர்களுக்கிடையே நிற்க, கீழ்ப்பகுதி முழுவதும் பாறைகள் பரந்து கிடக்கின்றன. அருகிலுள்ள பாறை மலையளவு பெருத்து, மலை பாறையளவு சிறுத்துத் தோன்றும் இப்படம் அகல்கோண அமைப்பின் உச்சநிலை எனலாம். 1955இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ‘மனிதக் குடும்பம்’ கண்காட்சியிலும் இது இடம்பெற்றது. முகாமை அறியாத பார்வையாளருக்கு இது படைப்பின் முதல் நாளைப்போலத் தோன்றும். தலைப்பில் உள்ள ஊர்ப்பெயர் மட்டுமே படம் பிறந்த சூழலைச் சுட்டுகிறது. அவ்வூர்ப்பெயருக்கும் ஆழமான வரலாறு உண்டு. ஆப்பிள் தோட்டத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் அது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தன் நீர்த்தேவைக்காக அப்பள்ளத்தாக்கின் நிலத்தை வாங்கியபின் தோட்டங்கள் கைவிடப்பட்டன. அதற்கும் முன்னர் பையூட் தொல்குடியினர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டிருந்தனர்.

மலையும் வெளியும் முகாமில் இருந்தோருக்கு மனவலிமை அளித்தன என்பது ஆடம்ஸின் நம்பிக்கை. அதனைப் போலி எனத் தள்ளுவது முறையாகாது. ஆனால் அதே இடத்தில் அடைக்கப்பட்டிருந்த ஒளிப்படக் கலைஞர் டோயோ மியாடகேயின் படங்கள் வேறொரு முன்புலத்தைக் காட்டுகின்றன. ஒளிப்படக் கருவிகள் தடைசெய்யப்பட்டிருந்த முகாமுக்குள் அவர் ஒரு வில்லையை மறைத்துக் கொண்டுசென்று, மரத்தால் பெட்டி செய்வித்துக் கருவியை உருவாக்கினார்; பின்னர் நிர்வாகத்தின் ஒப்புதலும் கிட்டியது. முள்வேலியருகே மூன்று சிறுவர்கள் நிற்க, பின்னே காவற்கோபுரம் தெரியும் அவரது படம் பரவலாக அறியப்பட்டது. இதிலும் அண்மை–சேய்மை ஒழுங்கே செயற்படுகிறது. ஆடம்ஸின் படத்தில் பாறை இருந்த இடத்தில் இங்குக் கம்பியும் சிறுவரும் உள்ளனர். மலை இருந்த இடத்தில் கோபுரம் உள்ளது. ஒரே இலக்கணம் இருவேறு வரலாறுகளைச் சொல்ல வல்லது என்பதற்கு இவ்விரு படங்களும் சான்று.

5. முன்புலம் ஆய்வுக் கருவியாதல்

அண்மைப் பொருள் இல்லாத படத்தில் கலைஞர் நின்ற இடத்தைத் துல்லியமாகக் கண்டறிவது கடினம். சில மீட்டர் நகர்ந்தாலும் தொலைமலை மாறுவதில்லை. முன்புலப் பாறையோ ஒரு சாண் நகர்வுக்கே பின்னுள்ள பொருள்களோடு தன் உறவை மாற்றிக்கொள்ளும். இவ்வியல்பை மார்க் க்ளெட்டும் அவர்தம் குழுவினரும் 1977 முதல் 1979 வரை நடத்திய மறு ஒளிப்பட ஆய்வுத் திட்டத்தில் முறையாகப் பயன்படுத்தினர். 19ஆம் நூற்றாண்டின் நில அளவைப் படங்களில் அண்மை, சேய்மைப் பொருள்களுக்கிடையே உள்ள இடைவெளிகளை அளந்து, களத்தில் எடுத்த உடனடி அச்சுகளோடு ஒப்பிட்டு, பழைய கருவி நின்ற இடத்தையே அவர்கள் மீட்டெடுத்தனர்.

அவ்வாய்வு வெளிப்படுத்திய செய்திகளுள் ஒன்று பரவலாக மேற்கோள் காட்டப்படுவது. திமோதி ஓசல்லிவன் 1869இல் யூட்டாவின் வீபர் பள்ளத்தாக்கில் எடுத்த பாறைப் படத்தில் சரிவு வியப்பூட்டும் வகையில் அமைந்துள்ளது. அதே இடத்தில் மீண்டும் படமெடுத்தபோது, ஓசல்லிவன் தம் கருவியைச் சாய்த்து வைத்திருந்தார் என்பது தெரியவந்தது. அளவைப் பணிக்கெனச் சான்றாக எடுத்த படத்திலும் அமைப்பாளரின் கை செயற்பட்டதை இது காட்டுகிறது. க்ளெட் பின்னர் பைரன் வுல்ஃபுடனும் எழுத்தாளர் ரெபெக்கா சால்னிட்டுடனும் இணைந்து யோசெமிட்டியில் இம்முறையைத் தொடர்ந்தார். அதன் விளைவான ‘யோசெமிட்டி இன் டைம்’ நூல் 2005இல் வெளிவந்தது. வாட்கின்ஸ், மைபிரிட்ஜ், வெஸ்டன், ஆடம்ஸ் ஆகியோர் நின்ற இடங்கள் அதில் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. தனித்தனிப் படங்களில் காலமற்றதாகத் தோன்றிய நிலம், இணைத்துப் பார்க்கும்போது இடையறாது மாறுவதாகத் தோன்றியது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. அகல்கோண அமைப்பில் பொருள்களின் ஒப்பளவை வில்லையைவிட நிற்குமிடமே முடிவு செய்கிறது. ஆகவே ஒவ்வொரு நிலக்காட்சிப் படமும் ஒரு நிலைப்பாட்டின் பதிவு. சட்டம் அகலும்போது தேர்வு குறைவதில்லை. காலடி நிலத்தில் எதனைப் பெருக்கிக் காட்டுவது என்னும் பொறுப்பு மேலும் கூடுகிறது. யோசெமிட்டியின் புல்வெளியும் மன்சனாரின் பாறைப்பரப்பும் காட்டுவதுபோல், ‘வெறும் நிலம்’ எனப்பட்ட முன்புலங்களில் அந்நிலத்தில் வாழ்ந்தோர், வாழ வற்புறுத்தப்பட்டோர் ஆகியோரின் வரலாறு படிந்துள்ளது.

நிலக்காட்சிப் படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், தொலைவிலுள்ள மலையின் பெயரை அறிவதோடு நிறுத்திக்கொள்ளாமல் சட்டத்தின் கீழ் விளிம்பை முதலில் நோக்குதல் தகும். அங்குள்ள கல் யாருடைய நிலத்தது, அப்புல்வெளியைத் திறந்து வைத்தவர் யார், அக்கருவி எதன்மேல் நின்றது என்னும் வினாக்களுக்கு விடை தேடும்போது, படம் காட்டாமல் விட்டதும் ஆய்வெல்லைக்குள் வருகிறது.